காலி ரோட்டில் ப்ளூடூத்தில் பேசிக்கொண்டே ஓட்டினால் என்ன தப்பு?

கேள்வி: 5 ஜனவரி 2025, இரவு 9.40

வேளச்சேரியில் இருக்கிறேன். வாரக் கடைசியில் வந்தவாசிப் பக்கம் சொந்த ஊருக்குக் காரில் போய்வருவேன். மேல்மருவத்தூரில் உள்ளே திரும்பிவிட்டால் ரோடு காலி, சிக்னல் கிடையாது, போலீஸ் கிடையாது. ஆபீஸ் கால், நண்பர்கள் கால் எல்லாவற்றையும் அங்கேதான் பேசி முடிப்பேன். கையில் போன் எடுப்பதில்லை, ப்ளூடூத்தான். வேகமும் 80 தாண்டாது. சென்னை டிராஃபிக்கில் பேசுவதுதானே ஆபத்து? பக்கத்தில் உட்கார்ந்து வரும் அப்பா ஓயாமல் திட்டுகிறார். யார் பக்கம் நியாயம்?

5 ஜனவரி, இரவு 10.25

அப்பா பக்கம்தான். தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் தம்பி. வேளச்சேரி நெரிசலில் 25-ல் ஊர்ந்துகொண்டே பேசினால் பம்பர் போகும். உள்ரோட்டில் 80-ல் பேசினால் ஆளே போய்விடுவார். 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கிராமப்புறச் சாலைகளில். அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலம், 64,105.

நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். மோதின வண்டியைப் பார்த்து என்ன போச்சு, எவ்வளவு தரலாம் என்று எழுதுவது பிழைப்பு. வீடு குரோம்பேட்டை, வேலை பெரும்பாலும் செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர், வந்தவாசி. நீங்கள் சொல்லும் ரோடு எனக்கு நன்றாகத் தெரியும். அது காலி ரோடு இல்லை. நீங்கள் பார்க்கிற நேரத்தில் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

6 ஜனவரி, காலை 6.50

ராத்திரி எழுதியதற்குக் கணக்கு கேட்கிறார்கள். போடுவோம்.

மணிக்கு 80 என்றால் நொடிக்கு 22 மீட்டர். எதிரில் ஏதோ இருக்கிறது என்று கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்கு வர ஒன்றரை நொடி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 33 மீட்டர் போயாச்சு, இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை. பிடித்த பிறகு, நல்ல டயர், நல்ல தார், காய்ந்த ரோடு எல்லாம் கூடி வந்தால் இன்னொரு 35 மீட்டர். ஆக வண்டி நிற்க 68, 69 மீட்டர் ஆகும். இதையே 60-க்குப் போட்டால் 25-ம் 20-ம் சேர்த்து 45 மீட்டர்.

இப்போது இரண்டு கார் பக்கத்துப் பக்கத்தில் வருகிறது. ஒன்று 60, ஒன்று 80. 45 மீட்டர் தள்ளி ஒரு எருமை ரோட்டில் ஏறுவதை இரண்டு டிரைவரும் ஒரே நொடியில் பார்க்கிறார்கள். 60-ல் வந்தவர் எருமையை உரசாமல் நிற்கிறார். 80-ல் வந்தவர் அந்த இடத்துக்கு வரும்போது என்ன வேகத்தில் இருப்பார்? இருபதுதானே கூட வந்தார், இருபதில் தட்டுவார் என்பதுதான் நான் கேட்ட பலரும் சொல்லும் பதில். இல்லை, 65. பிரேக்கை முழுசாக மிதித்த நிலையில், அறுபத்தைந்து. அவருக்கு இருந்த 45 மீட்டரில் 33-ஐ யோசிக்கிற நேரமே தின்றுவிட்டது, பிரேக்குக்குக் கிடைத்தது மிச்சம் 12 மீட்டர்தான்.

இது முழுக் கவனத்தோடு ஓட்டுகிறவர் கணக்கு. பாட்டு மாற்ற ரெண்டு நொடி திரையைப் பார்த்தால் 44 மீட்டர் கண்ணை மூடி ஓட்டியதாக அர்த்தம். மெசேஜ் டைப் அடிக்கிற ஆட்களை வண்டிக்குள் கேமரா வைத்து அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் ஆட்கள் பார்த்தார்கள். ஆறு நொடியில் சராசரி 4.6 நொடி கண் ரோட்டிலேயே இல்லை. நம் 80-க்கு அது நூறு மீட்டருக்குமேல்.

6 ஜனவரி, மதியம் 1.15

ஒன்றரை நொடி ரொம்பத் தாராளம், எனக்கு அரை நொடி போதும் என்கிறார் ஒருவர். ஸ்க்ரீனைப் பார்த்து பட்டன் தட்டுகிற சோதனையில் அரை நொடி வரும் சார். அங்கே பட்டன் எப்போது எரியும் என்று காத்துக்கொண்டிருக்கிறீர்கள். ரோட்டில் எருமை சொல்லிவிட்டு வராது. ரோடு போடுகிற எஞ்சினியர்கள் நம் நாட்டு விதிப்படி இரண்டரை நொடி எடுத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அவர்கள் புத்தகத்தில் 60-க்கு 80 மீட்டர், 80-க்கு 120 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும். என் கணக்கு உங்களுக்குச் சலுகை காட்டிப் போட்டது.

6 ஜனவரி, இரவு 11.05

“மெதுவாகப் போவதும் ஆபத்துதான், 1964-லேயே சாலமன் என்பவர் கண்டுபிடித்துவிட்டார்” என்று எப்போதும் ஒருவர் வருவார், வந்துவிட்டார். டேவிட் சாலமன், அமெரிக்காவின் கிராமப்புற நெடுஞ்சாலைகள், சராசரி வேகத்தைவிட ரொம்ப மெதுவாகப் போனவர்களும் ரொம்ப வேகமாகப் போனவர்களும் அதிகம் மோதினார்கள், சரி. அதில் மெதுவாகப் போனவர்களில் திரும்புவதற்காகவும் ரோட்டில் ஏறுவதற்காகவும் வேகம் குறைத்தவர்களும் இருந்தார்கள் என்று பின்னால் வந்தவர்கள் நிறையவே பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். அப்புறம், அந்த ரோட்டில் போனது எல்லாம் கார், லாரி. நம் ரோட்டில் சராசரி வேகம் என்று எதைச் சொல்வீர்கள்? டிராக்டர் 20, டிவிஎஸ் எக்ஸ்எல் 35, டவுன் பஸ் 50, நீங்கள் 80, மாடு 3. ஸ்வீடனின் நீல்சன் கணக்கைப் படியுங்கள். ஒரு ரோட்டில் சராசரி வேகம் 1 சதவீதம் ஏறினால் சாவு விபத்து சுமார் 4 சதவீதம் ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் எடுத்துச் சொல்கிறது.

8 ஜனவரி, இரவு 9.30

“போன்தான் காரணம் என்றால் போலீஸ் ரெக்கார்டில் ஏன் வருவதில்லை? அதில் அதிவேகம் என்றுதானே இருக்கிறது?” நல்ல கேள்வி. அதிகாரப்பூர்வக் கணக்கில் சாவுகளில் எழுபது சதவீதத்துக்குமேல் அதிவேகத்தின் தலையில்தான் விழுகிறது, போனுக்குச் சொற்பம்.

எஃப்ஐஆர் எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். “மேற்படி வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து” என்பது மனப்பாடமாக வரும் வரி. சட்டப்பிரிவுக்கு அது தேவை, முன்னே ஐபிசி 279, இப்போது பிஎன்எஸ் 281. 40-ல் வந்து இடித்தாலும் அதிவேகம், போன் பேசி இடித்தாலும் அதிவேகம். டிரைவர் உயிரோடு இருந்தால் போன் பேசினேன் என்று ஏன் சொல்லப்போகிறார்? இல்லை என்றால் யாரிடம் கேட்பது?

எங்களிடம் வரும் க்ளெய்ம் ஃபாரம் இன்னும் தமாஷ். எல்லா ஃபாரத்திலும் ஒரு நாய் உண்டு. “திடீரென நாய் குறுக்கே வந்ததால் வண்டி கட்டுப்பாட்டை இழந்து.” செங்கல்பட்டு மாவட்டத்து நாய்கள் எல்லாம் சேர்ந்து மான நஷ்ட வழக்குப் போட்டால் ஜெயித்துவிடும். உண்மையில் நாய் வந்த கேஸும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நேர் ரோடு, பட்டப்பகல், வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடதுபக்கம் சரிந்து மண்ணில் இறங்கி, இருபது முப்பது மீட்டர் மண்ணிலேயே ஓடிப் புளியமரத்தில் நிற்கிறது என்றால், நாய்க்காக ஸ்டியரிங்கை ஒடித்த வண்டி அப்படிப் போகாது. டயர் தடம் சொல்லும். ஒடித்த தடம் வளையும், இது கோடு போட்டதுபோல் நேராகப் போயிருக்கும். ஓட்டினவர் அங்கே இல்லை, வேறு எங்கோ இருந்தார்.

எப்போதும் போனும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒரு காரின் டிரைவர் கதவைத் திறந்து பார்த்தேன். கியர் லீவரைச் சுற்றியிருக்கும் ரப்பர் மடிப்பில் புளியோதரைப் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கிறது, மஞ்சள் எண்ணெய் ஸ்டியரிங்கின் அடிப்பாகம் முழுக்க, டிபன் பாக்ஸ் மூடி பெடலுக்குப் பின்னால். ஃபாரத்தில் என்ன எழுதியிருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

8 ஜனவரி, இரவு 11.50

பிரேக் அடித்த தடம் இல்லாவிட்டால் டிரைவர் பார்க்கவில்லை என்று அர்த்தமா என்று ஒரு மெக்கானிக் நண்பர் மடக்கியிருக்கிறார். அப்படி நான் எழுதவில்லை, ஆனால் எழுதுகிற ஆட்கள் உண்டு, அதனால் அவர் சொன்னது இங்கே இருக்கட்டும். 2019 ஏப்ரலிலிருந்து விற்கிற எல்லாக் காரிலும் ஏபிஎஸ் கட்டாயம். வீல் லாக் ஆகாது, கறுப்புக் கோடு ரோட்டில் விழாது அல்லது மங்கலாக விழும். நான் பார்ப்பது பிரேக் கோட்டை இல்லை, வண்டி போன திசையை.

11 ஜனவரி, மாலை 4.20

கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்திருக்கிறார். கண் ரோட்டில்தானே இருக்கிறது, கை ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது, ப்ளூடூத்துக்கும் டைப் அடிப்பதற்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்கிறார். ஒரு விதத்தில் நியாயம், இரண்டும் ஒரே அளவு ஆபத்து இல்லை. டைப் அடிப்பது படுமோசம், அதில் சண்டை வேண்டாம்.

ஆனால் கண் திறந்திருந்தால் பார்க்கிறோம் என்பது இல்லை. யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் 2000-களின் தொடக்கத்திலிருந்து சிமுலேட்டரில் ஆட்களை உட்காரவைத்து இதையேதான் நோண்டினார். கையில் போன் வைத்துப் பேசினவருக்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசினவருக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. வழியில் இருந்த பொருளை நேருக்கு நேர் பார்த்தவர்களே, கண் அதில் நிலைத்தது கருவியில் பதிவாகியும், பிறகு கேட்டால் அப்படி ஒன்று இருந்ததாகவே நினைவில்லை என்றார்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறவரோடும் ஒப்பிட்டுப் பார்த்தார், 2006-ல் அந்தக் கட்டுரை வந்தது. போனில் பேசினவர் குடித்தவரைவிட நல்லவர் என்று சொல்ல முடியவில்லை.

“அப்படியானால் பக்கத்து சீட்டில் அப்பா பேசுவது?” அதையும் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரும் அதே ரோட்டைப் பார்க்கிறார். பஸ் கட் அடித்தால் அவரே வாயை மூடுவார், அல்லது “ஏய் பாத்து” என்று கத்துவார். போனில் இருக்கிற மேனேஜருக்கு நீங்கள் இப்போது வளைவில் இருக்கிறீர்களா, எதிரில் கரும்பு லாரி வருகிறதா என்று தெரியாது. அவர் கேட்டுக்கொண்டே இருப்பார், நீங்கள் பதில் சொல்ல மெனக்கெடுவீர்கள். அந்த மெனக்கெடல்தான் ஆளைக் கொல்வது. மாமியார் உடல்நிலை பற்றிச் சாவகாசமாகப் பேசுவதும், டெலிவரி ஏன் தள்ளிப்போகிறது என்று வாடிக்கையாளரிடம் சமாளிப்பதும் ஒன்றில்லை. இது ஆராய்ச்சி இல்லை, என் அபிப்பிராயம்.

உங்கள் காரில் ரெண்டாவது ஜோடிக் கண்ணாக அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பேசவிடாமல் போனில் பேசிக்கொண்டு வருகிறீர்கள். திட்டாமல் என்ன செய்வார்?

12 ஜனவரி, காலை 7.30

“குழந்தை பின்சீட்டில் அழுதால்?” நிறுத்துங்கள். அதற்கு ஆராய்ச்சி எதற்கு?

13 ஜனவரி, காலை 5.40

போகி. குரோம்பேட்டையில் எதிர் வீடு தெரியவில்லை. பாதி சென்னை இன்றைக்கு ஊருக்குக் கிளம்பும், அதனால் வேறு ஒன்றை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், அதான் ஜிஎஸ்டி ரோட்டில், ஒரு மணி நேரம் 90, 100 என்று பிடித்துப் போய்விட்டு மேல்மருவத்தூரிலோ திண்டிவனத்திலோ உள்ரோட்டுக்குத் திரும்பினால், 70 என்பது நகர்வதாகவே தெரியாது. மீட்டரைப் பார்க்காமல் “இப்போ என்ன ஸ்பீடு இருக்கும்?” என்று ஓட்டுகிறவரைக் கேளுங்கள், 50 என்பார். மீட்டரில் 70, 75 இருக்கும். கண்ணும் காதும் வேகத்துக்குப் பழகிவிட்டன, இறங்கி வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். உள்ரோட்டில் திரும்பின கொஞ்ச தூரத்துக்குள் ஆன கேஸ்கள் என் கைக்கு நிறைய வந்திருக்கின்றன. ரோடு தெரியாதவர்கள் இல்லை, எல்லாம் சொந்த ஊர்க்காரர்கள்.

திரும்பின உடனே முதல் டீக்கடையில் நிறுத்துங்கள். டீ நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பேச வேண்டிய கால் எல்லாம் அங்கேயே பேசி முடியுங்கள். கிளம்பும்போது மீட்டரைப் பார்த்து 50-ல் கொஞ்ச நேரம் போங்கள், அதற்கப்புறம் ரோடு சொல்கிற வேகத்துக்கு வாருங்கள். நான் இப்படித்தான் செய்கிறேன், கூட வருகிறவர்கள் சலித்துக்கொள்வார்கள்.

இன்றைக்குப் புகையில் பவர் லைட் போடாதீர்கள், வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம்தான். ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டாதீர்கள், நீங்கள் நிற்கிறீர்களா வருகிறீர்களா என்று பின்னால் வருகிறவனுக்குப் புரியாது.

17 ஜனவரி, இரவு 10.10

ஊரிலிருந்து திரும்பியவர்கள் எல்லோரும் ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பதைப் பற்றிப் பொங்கி எழுதுகிறீர்கள். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் களம் இல்லாத ஊரில் அவர்கள் எங்கே கொட்டுவார்கள் என்றும் யோசிக்கிறேன். களத்தில் வீடு கட்டியாச்சு, மிச்சத்தில் தண்ணீர்த் தொட்டி.

நெல்லைவிட மோசம் அதைச் சுற்றி வைக்கிற கல். பாதி ரோட்டை அடைத்து, வண்டி ஏறாமல் இருக்கத் தலை அளவு கருங்கல்லை வரிசையாக அடுக்குவார்கள், நடுநடுவே ஒரு முள் கிளை. சாயங்காலம் நெல்லை மூட்டை கட்டி ஏற்றிவிடுவார்கள், கல் அங்கேயே இருக்கும். தார் நிறம், கல் நிறம் இரண்டும் ஒன்று. ராத்திரி அது டிம் லைட்டில் தெரிகிறபோது உங்களுக்கும் அதற்கும் நடுவே பத்து இருபது மீட்டர் இருந்தால் அதிர்ஷ்டம். ஆயில் சம்ப், அதாவது என்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி, உடைந்து வருகிற கார்களுக்கு இந்த மாதம் பஞ்சமே இல்லை. டூவீலர் என்றால் சம்ப் இல்லை, மண்டை.

அப்புறம் டிராக்டர். படாளம் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு போகிற காலத்தில் ராத்திரி ஓட்டிப் பாருங்கள். டிரெய்லருக்குப் பின்விளக்கு இருக்காது, இருந்தாலும் தொங்குகிற சோகை மறைக்கும், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சேற்றில் புதைந்திருக்கும். அது 20-ல் போகிறது, நீங்கள் 80-ல் வருகிறீர்கள், நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் நெருங்குகிறீர்கள். டிம் லைட்டில் 50 மீட்டரில் தெரிந்தால் மூன்று நொடி இருக்கிறது. முழுக் கவனத்தோடு இருந்தால் மயிரிழையில் தப்பலாம், 45 மீட்டர் போதும். மேப்பில் ஒரு பார்வை ரெண்டு நொடி என்றால் 33 மீட்டர் காலி, மிச்சம் 17 மீட்டர்.

இதனால்தான் முதலிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறேன், வேகமும் கவனமும் தனித்தனி விஷயம் இல்லை. 80 என்பது முழுக் கவனத்துக்கான வேகம், அதுவும் பகலில், ரோடு தெளிவாகத் தெரிகிற இடத்தில். ராத்திரி டிம்மில் 60-க்கே அந்த 50 மீட்டர் தட்டுத் தடுமாறித்தான் போதுகிறது. எஞ்சினியர் கணக்குப்படி 45-க்குமேல் போகவே கூடாது. நான் 50-ல் போகிறேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் சைடு கொடுத்துவிடுவேன்.

18 ஜனவரி, காலை 8.15

“பவர் லைட் போட்டு ஓட்ட வேண்டியதுதானே?” ஆள் இல்லாத ரோட்டில் தாராளமாகப் போடுங்கள், நல்லது. எதிரில் வண்டி வந்தால் டிம் பண்ணுங்கள். அவன் டிம் பண்ணாவிட்டால் பழிக்குப் பழியாக நீங்களும் போடாதீர்கள், ரெண்டு குருடர்கள் ஒருவரை ஒருவர் கடக்கிற கதையாகிவிடும். இடது ஓரக் கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். கோடே இல்லாத ரோட்டில் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், நானும் அந்த ரோட்டில்தான் போகிறேன்.

20 ஜனவரி, இரவு 8.45

லாரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார், படிக்காதவர்கள் படியுங்கள். சுருக்கம் இது: “கார்க்காரன் பேசுவது பொழுதுபோக்கு. எனக்கு லோடு ஆபீஸிலிருந்து போன் வந்து எடுக்கவில்லை என்றால் அடுத்த லோடு கிடையாது. எங்கே இருக்கே, எங்கே இருக்கே என்று மணிக்கு நாலு தடவை கேட்பான். வண்டியில் ஜிபிஎஸ் இருக்கு, அதைப் பார்க்கமாட்டான்.”

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. போனை எடுக்கிறவனுக்கு மட்டும் அபராதம், ஓட்டுகிறான் என்று தெரிந்தே கூப்பிடுகிறவனுக்கு ஒன்றும் இல்லை. நம்மில் எத்தனை பேர் டாக்ஸி டிரைவரைக் கூப்பிட்டு “எங்கே வர்றீங்க” என்று கேட்கிறோம், சாப்பாடு கொண்டு வருகிற பையனைக் கேட்கிறோம். நான் இப்போது வீட்டில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். கிளம்பும்போது சொல்லிவிடுவேன், ரெண்டு ரிங்கில் எடுக்கவில்லை என்றால் ஓட்டுகிறேன் என்று அர்த்தம், திரும்பக் கூப்பிடக் கூடாது. முதல் மாதம் சண்டை, இப்போது பழகிவிட்டது. லாரி அண்ணனின் ஆபீஸ்காரனுக்கு இதை யார் சொல்வது?

அவர் கிளப்பிய இன்னொரு விஷயம், வலது இண்டிகேட்டர். முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் “எதிரில் வண்டி வருது, ஏறாதே” என்று ஒரு அர்த்தம், “வா, ஓவர்டேக் பண்ணு” என்று சில ஊரில் ஒரு அர்த்தம், “நான் திரும்பப் போறேன்” என்று சட்டப்புத்தகத்தில் ஒரு அர்த்தம். மூன்றில் எது என்று கண்டுபிடிக்க மூளை முழுசாக வேண்டும். அண்ணனின் ஆலோசனை, எதையும் நம்பாதே, உன் கண்ணுக்கு ரோடு தெரிந்தால் மட்டும் ஏறு.

25 ஜனவரி, மாலை 6.00

சட்டம் என்ன சொல்கிறது என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு மொத்தமாக. மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது கையில் போன் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல். முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 வரை அபராதம், ஜெயிலும் போடலாம். 2020-ல் வந்த விதித் திருத்தம் வழி பார்க்க மட்டும் போனை அனுமதிக்கிறது, அதுவும் கவனம் சிதறாதபடி. ப்ளூடூத் பற்றி அதில் தெளிவாக எதுவும் இல்லை. சட்டம் தடுக்காதது எல்லாம் பத்திரம் என்று அர்த்தமில்லை.

வேக வரம்பு குழப்படி. 2018 ஏப்ரலில் மத்திய அரசு காருக்கு நாலுவழிச் சாலையில் 100, சாதாரண ரோட்டில் 70 என்று வரம்பு வைத்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. சென்னைக்குள் 2023 நவம்பரிலிருந்து காருக்கு 60, டூவீலருக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் 30. உள்ரோட்டில் பலகை இருந்தால் பலகை. பலகைமேல் கட்சி போஸ்டர் ஒட்டியிருந்தால், அதுதான் பெரும்பாலும், பள்ளிக்கூடமும் பஸ் ஸ்டாப்பும் வருகிற இடத்தில் 30, 40.

2 பிப்ரவரி, காலை 10.20

டூவீலர்காரர்களை நான் விட்டுவிட்டேன் என்று குறை. விடவில்லை, எழுத மனசு வரவில்லை. ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போனைச் சொருகிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்காத நாள் உண்டா? ஹெல்மெட் இல்லாதவர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துத் தோளில் இடுக்கிக்கொண்டு, அந்தக் கோணலோடு ஜல்லி கொட்டின வளைவில் திரும்புகிறார். தலை சாய்ந்த பக்கத்து மிர்ரர் அவருக்குக் கிடையாது, அந்தப் பக்கத்துக் காதும் கிடையாது. இயர்போன் மாட்டினவருக்கு ரெண்டு காதும் இல்லை, பின்னால் பஸ் ஹாரன் அடிப்பதே தெரியாது.

கிராமத்தில் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள், “பக்கத்துலதானே, கொல்லைக்குப் போயிட்டு வரேன்.” என்னிடம் வந்த டூவீலர் கேஸ்களில் பாதிக்குமேல் பக்கத்திலேதான் போனார்கள்.

விபத்தைப் பார்த்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வையுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம், 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைத்தார்கள். பணம் யார் கட்டுவது என்று தயங்கி நேரத்தைக் கொல்லாதீர்கள்.

9 பிப்ரவரி, இரவு 9.15

நாளை மறுநாள் தைப்பூசம். மேல்மருவத்தூரைச் சுற்றிச் செவ்வாடை கூட்டம், வழியெல்லாம் பஸ் நிறுத்தி இறங்கிச் சமைப்பார்கள், ரோட்டைக் கடப்பார்கள், ராத்திரியிலும். தம்பி இந்த வாரம் ஊருக்குப் போவதாக இருந்தால் செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூர் வழியாகப் போகலாம். நேரம் கூட ஆகும், மேப் ஒத்துக்கொள்ளாது, திரும்பத் திரும்ப யூ டர்ன் அடிக்கச் சொல்லும். கிளம்புவதற்கு முன்பே வழியைப் பார்த்துக்கொண்டு சத்தத்தை மட்டும் வையுங்கள், திரையைக் கவிழ்த்துவிடுங்கள். அல்லது போனை அப்பா கையில் கொடுங்கள்.

9 பிப்ரவரி, இரவு 9.40

போனை அப்பாவிடம் கொடுத்தால் அவர் வாட்ஸ்அப் வீடியோவைச் சத்தமாகப் போட்டுவிடுவார் என்கிறார் தம்பி. அது உங்கள் குடும்பப் பிரச்சினை.

16 பிப்ரவரி, காலை 9.00

வேடந்தாங்கல் போகிறேன், ரோடு எப்படி என்று கேட்டவருக்கு. படாளம் கூட்ரோட்டில் திரும்பினால் குறுகல் ரோடு, எதிரில் பஸ் வந்தால் ஒருவர் மண்ணில் இறங்கியாக வேண்டும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் சில இடத்தில் அரை அடிப் பள்ளம், வேகத்தில் இறங்கிவிட்டு அதே வேகத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து ஏறப் பார்த்தால் வண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடும். இறங்கினால் இறங்கியபடியே வேகத்தைக் குறைத்துவிட்டு மெல்ல ஏறுங்கள். ஏரி தெரிய ஆரம்பித்ததும் முன்னால் போகிற கார் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும், ஓட்டுகிறவர் நாரையைப் பார்க்கிறார். இடைவெளி விட்டுப் போங்கள். காலையில் சீக்கிரமோ சாயங்காலம் நாலரைக்கு மேலோ போனால் பறவை அதிகம், பைனாகுலர் அங்கேயே வாடகைக்குக் கிடைத்தது, இப்போதும் தருவார்கள் என்று நினைக்கிறேன்.